முரளிக்கு வாங்கிய கண்ட்ரோலர்

சனிக்கிழமை இரவு

புதிதாக வந்த கால்பந்து கேம் வாங்கத்தான் ஜொகூர் பாருவில் ஒரு கேம் கடைக்குப் போனேன். கூடவே ஒற்றைக் கையால் விளையாடும் கண்ட்ரோலர் ஒன்றையும் வாங்கினேன். முரளிக்கு. தொழிற்சாலை இயந்திரத்தில் வலது கை விரல்கள் போனதிலிருந்து அவன் விளையாடுவதே இல்லை.

உலு திராமில் உள்ள தன் வீட்டில் பெட்டியைப் பிரித்ததும் அவன் முகம் மாறிவிட்டது.

"இது எதுக்குலா? நான் கேட்டேனா?"

"நீ கேக்கலடா. தனியா விளையாடி எனக்கு போர் அடிக்குது," என்றேன். உண்மையும் அதுதான்.

அவன் கண்ட்ரோலரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். முதல் இரண்டு ஆட்டத்திலும் நான் ஜெயித்தேன். விட்டுக்கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவான். மூன்றாவதில், கடைசி நேரத்தில், அவன் ஒரு கோல் போட்டு ஜெயித்தான்.

"டேய், வேணும்னே விட்டியா?"

"சத்தியமா இல்லடா."

நம்பின மாதிரி தெரியவில்லை. சமையலறையிலிருந்து அவன் மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள்.

"இரும்மா, இன்னொரு ஆட்டம். இவன நம்ப முடியாது."

முழு மூச்சாக ஆடினேன். அதிலும் அவன்தான் ஜெயித்தான். இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து சாப்பிடப் போனான்.