ஓர்வான் சக்கரத்தின் கீழே ஒரு செல்மார்காரன்

அன்பு மச்சான் அருளப்பனுக்கு,

செல்மார் பேரரசின் வேப்பம்பட்டுக் கிளைக்குத் தலைவர், செயலாளர், கொள்கை பரப்புச் செயலாளர், கடைசி வரிசைத் தொண்டன் எல்லாமே நீ ஒருத்தன்தான். நீ போனதோடு கிளை கலைந்துவிட்டது. இதைச் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. போகப் போக வரும்.

நாற்பது நாளாகப் போகிறது. காலை லோக்கலில் மூன்றாவது பெட்டி, ஜன்னலோரம், வேப்பம்பட்டில் ஏறியதும் நீ சாப்பாட்டுப் பையைப் போட்டு எனக்கு இடம் பிடிப்பாயே, அங்கே இப்போது ஒரு ஆள் உட்கார்ந்து போனில் சத்தமாக வீடியோ பார்த்துக்கொண்டு வருகிறான். திருநின்றவூரில் ஏறி ஆவடி வரை நின்றுகொண்டே போகிறேன். உன் புண்ணியத்தில் மூட்டு வலி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டை மாட்டிக்கொண்டே நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தாயாம், அவ்வளவுதானாம். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக மாட்டாயா?

இதை ஊர் படிக்கப் போகிறது என்பதால் உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள். வானத்தில் இல்லாத இரண்டு பேரரசுகளில் எது பலசாலி என்று நானும் நீயும் பதினோரு வருஷம் ரயிலில் அடித்துக்கொண்டோம். இரண்டு வெளிநாட்டுத் தொடர்கள், தமிழில் டப்பிங் செய்து வந்தவை. என்னுடையது ஓர்வான். பத்தாயிரம் கிரகம், நிலாவைவிடப் பெரிய போர்க்கப்பல், சாகாத சக்கரவர்த்தி, கொடியில் எட்டு முனை வைத்த தங்கச் சக்கரம். உன்னுடையது செல்மார். மொத்தமே நாற்பது கிரகம். கொடியில் மூன்று நீலக் கோடு. நோட்டுப் புத்தகத்தில் மார்ஜின் போட்ட மாதிரி ஒரு கொடி, அதற்கு ஒரு பேரரசு!

சொல்லு, அதெல்லாம் ஒரு பேரரசா? உன் செல்மாரின் நாலாவது பகுதியில் ஒரு முழு எபிசோடு கப்பலின் தண்ணீர் பம்பு ரிப்பேர். எதிரி வாசலில் நிற்கிறான், ஒரு கிழவன் பம்புக்கு முன்னால் உட்கார்ந்து நட்டு திருகுகிறான். நாற்பது நிமிஷம். நான் அதைப் பார்த்துவிட்டு வந்து சிரித்த சிரிப்பில் பட்டாபிராம் வரை பெட்டியே திரும்பிப் பார்த்தது.

நீ தொழிற்பேட்டையில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். உனக்கு எல்லாம் நட்டும் போல்ட்டும்தான். "முன்னூறு எபிசோடு பாத்துட்டேன் மச்சான், உன் ஓர்வான்ல ஒருத்தன் ஸ்பேனர் புடிச்சிகினு நின்னானா? அம்மாம் பெரிய கப்பல யாரு பாக்கறான்? சண்டைய உடு, நாளைக்கு காத்தால கொழாய்ல தண்ணி வருமா, அத்த சொல்லு" என்பாய். பதினோரு வருஷமும் இதே பாட்டு. கம்ப்யூட்டர் கம்பெனியில் குப்பை கொட்டும் எனக்கு நிலாவைவிடப் பெரிய கப்பலைப் பற்றிப் பேச ஆசை இருக்காதா? நீயோ அதைக் கொண்டுபோய்க் குழாயடியில் நிறுத்துவாய்.

நாம் போட்ட சட்டங்களையும் சொல்லிவிடுகிறேன். திரையில் காட்டியது மட்டுமே சாட்சி. பட்டரைவாக்கத்தில் இறங்கினால் பேச்சு முடிந்தது. மூன்றாவது சட்டம்தான் உன் மூளையில் உதித்த கிறுக்குத்தனம். அண்ணனூர் தாண்டி சிக்னலில் வண்டி நின்றால் கட்சி மாற வேண்டும். நின்றிருக்கும் நேரமெல்லாம் நான் செல்மாருக்கு வாதாட வேண்டும், நீ ஓர்வானுக்கு. வண்டி நகர்ந்ததும் அவனவன் பழைய இடத்துக்கு வந்துவிடலாம். ஒருமுறை முக்கால் மணி நேரம் நின்றதே, நினைவிருக்கிறதா? கடைசியில் நீ ஓர்வான் சக்கரவர்த்தியைப் புகழ்ந்த புகழ்ச்சியில் எனக்கே அந்த ஆள் மேல் வெறுப்பு வந்துவிட்டது.

இனி நம் பெட்டிக் கோஷ்டியைப் பற்றி. ஹிந்து காலேஜில் ஏறும் வெங்கடேஷ் இருக்கிறானே, நம் வாட்ஸ்அப் குரூப் அட்மின், அவன்தான் இப்போது துக்கத்துக்கும் அட்மின். நீ போன செய்தி வந்த ஐந்தாவது நிமிஷம் கைகூப்பும் படம் பத்து போட்டான். ஆறாவது நிமிஷம் யாரோ விற்கும் பிளாட் விளம்பரத்தை அனுப்பிவிட்டு, மாற்றி வந்துவிட்டது என்று அழித்தான். இரண்டு தொடரையும் ஒரு எபிசோடுகூடப் பார்த்ததில்லை. ஆனால் நாம் பேசும்போது நடுவில் தலையை நீட்டி, எல்லாப் பேரரசும் ஒண்ணுதான் சார் என்பான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?

உன் முப்பதாம் நாளுக்குக் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் அடிப்பது அவன் யோசனை. அருள் சாருக்குப் பிடித்த பேரரசுச் சின்னத்தைப் பின்னால் வைத்து அசத்திவிடலாம் என்றான். ஒரு மத்தியானம் ஆபீஸில் இருக்கும்போது மாதிரிப் படத்தை எனக்கு அனுப்பினான். நீங்கதான் அவருக்கு க்ளோஸ், பார்த்து ஓகே சொல்லுங்க என்று கீழே எழுதியிருந்தான்.

பார்த்தேன். உன் தங்கை கல்யாணத்தில் எடுத்த போட்டோ, கட்டம் போட்ட சட்டை. உன் தலைக்குப் பின்னால் என் ஓர்வானின் தங்கச் சக்கரம். எட்டு முனையும் பளபளவென்று, வேப்பம்பட்டுக் கோயிலில் இருக்கும் அந்தோணியாருக்கு ஒளிவட்டம் போட்ட மாதிரி இருந்தது. இணையத்தில் தேடி இருப்பதிலேயே மினுக்கலாக இருந்ததை எடுத்திருக்கிறான் முட்டாள். பதினோரு வருஷம் நீ காறித் துப்பிய சின்னம்.

இங்கேதான் உன்னிடம் சொல்ல வேண்டியது இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. நீ போன பிறகு வந்த முதல் சிரிப்பு. தப்பு என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் மாற்றியிருப்பான். நான் எழுதவில்லை. கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் படத்தை அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

ஏன் செய்தேன்? ஒருநாள்கூட ஓர்வான் பெரிசு என்று நீ வாயால் சொன்னதில்லை. அந்தச் சக்கரத்துக்குக் கீழே உன்னை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அற்ப ஆசை, அது ஒன்று. இன்னொன்றும் இருந்தது. இதைப் பார்த்தால் உனக்கு வரும் கோபத்துக்கு எங்கே இருந்தாலும் எழுந்து வந்துவிடுவாய் என்று நினைத்திருக்கிறேன். நாற்பத்தைந்து வயதில், மாதச் சம்பளம் வாங்குகிற ஒருத்தன் இப்படி நினைத்தான் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். டீக்கடையில் நின்றுகொண்டு போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

முப்பதாம் நாள் காலையில் உங்கள் தெரு முனையில் ஃபிளெக்ஸ் நின்றது. உன் பெண்டாட்டி ஜெசிந்தா பூசைக்குப் போகும்போதுதான் அதை முதல்முதலாகப் பார்த்தது. பூசை முடிந்து, வீட்டுக்கு முன்னால் போட்ட ஷாமியானாவில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். வெங்கடேஷ் இரண்டாம் முறை பிரியாணி வாங்கிக்கொண்டிருந்தபோது ஜெசிந்தா நேராக என்னிடம் வந்தது.

"அது உங்க கொடிதானேண்ணா? அவருது மூணு நீலக் கோடு."

பன்னிரண்டு பேர் இருந்தோம் மச்சான், தினமும் உன்னோடு வண்டியில் வந்தவர்கள். ஒருத்தனுக்கும் தெரியவில்லை. உன் வீட்டில் இட்லி ஊற்றிக்கொண்டே கேட்ட பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. பம்பு எபிசோடை உன் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு முறை பார்த்ததாம். நான் சொன்னதற்கெல்லாம் நீ மறுநாள் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சமையலறை வாசலில் நின்று ஒப்பித்துப் பார்ப்பாயாமே. என்னிடம் சொன்னதே இல்லையே நீ.

நான் வாய் திறப்பதற்குள் வெங்கடேஷ் முந்திக்கொண்டான். அதெல்லாம் சும்மா டிசைன்தான் சிஸ்டர், ஒண்ணும் நினைச்சுக்காதீங்க என்றான். ஜெசிந்தா அவன் பக்கமே திரும்பவில்லை. என்னைப் பார்த்து, "அப்ப அவரு தோத்துட்டாராண்ணா?" என்று கேட்டது.

உடனே அந்த அட்மினுக்கு இரக்கம் பொங்கிவிட்டது. இலையிலிருந்து எழுந்து, இன்றைக்கே தீர்மானம் போட்டுவிடலாம், அருள் சாருக்காக செல்மார்தான் பெரிசு, எல்லோரும் கை தூக்குங்கள் என்றான். தூக்கினார்கள். பிரியாணிக் கை பதினொன்று மேலே போனது. செல்மார் என்பது ஊரா, மாத்திரையா என்றுகூடத் தெரியாதவர்களின் கை.

நான் தூக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் தொடையில் இடித்தார், தூக்குப்பா, அது மனசு ஆறட்டும் என்றார். உயிரோடு இருந்தபோது உன்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேச வக்கில்லாதவர்கள், செத்த பிறகு உனக்குப் பிச்சை போடுகிறார்கள். நீ அதை வாங்குகிறவனா? பட்டரைவாக்கம் பாலத்தில் எத்தனை நாள் பேசாமலே இறங்கிப் போயிருக்கிறாய், நான் சும்மா விட்டுக்கொடுத்தேன் என்று தெரிந்துபோன கோபத்தில்.

எழுந்து நின்று சொன்னேன். அவன் தோற்கவில்லை, இப்படிக் கை தூக்கியெல்லாம் ஜெயிக்கவும் இல்லை, அந்தச் சக்கரம் தப்பு என்று எனக்கு முன்பே தெரியும், தெரிந்தே ஓகே சொன்னவன் நான்தான் என்றேன். ஜெசிந்தாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அப்புறம் அது உள்ளே போய்க் காய்கறிக் கத்தியை எடுத்துவந்து என் கையில் கொடுத்தது. நீங்களே கழட்டுங்கண்ணா என்றது.

தெரு முனைக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், அதன் மேல் ஏறி நான்கு கயிற்றையும் அறுத்தேன். நீ மடங்கி என் தோள் மேலேயே விழுந்தாய். இறங்கப் போனவனை, பின்னாலேயே வந்திருந்த ஜெசிந்தா நிறுத்தியது.

"எறங்காதீங்க. சிக்னல்ல நின்னா கட்சி மாறணும்னு சொல்வாரே. வண்டி நின்னுடுச்சுல்ல? அவரு பக்கம் பேசுங்க."

என்ன செய்வேன், சொல்லு. சட்டம் உன்னுடையது. நான் மூன்று நீலக் கோட்டுக்காகப் பேசினேன். ஓர்வானுக்குப் பத்தாயிரம் கிரகம் இருக்கட்டும், அந்தக் கப்பலில் ஒரு வால்வு அடைத்துக்கொண்டால் வந்து பார்ப்பது யார் என்று அவர்கள் எங்கேயாவது காட்டினார்களா என்று கேட்டேன். சக்கரவர்த்தியா குனிவான்? பம்பு முன்னால் உட்கார்ந்த கிழவன் ஒரு வீர வசனம் பேசவில்லை, சரி செய்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போனான், அடுத்த எபிசோடில் அதே கப்பல்தான் போருக்குப் போனது, ஜெயித்தது என்றேன்.

அதற்கு மேல் தொடரில் இல்லாத சாட்சி ஒன்றையும் சொன்னேன். முதல் சட்டத்தை மீறிவிட்டேன், மன்னித்துக்கொள். பொங்கல் லீவில் என் வீட்டு போர்வெல் மோட்டார் நின்றுபோய், கூப்பிட்ட மெக்கானிக் எல்லாம் போனை எடுக்காமல் இருந்தபோது, நீ பையைத் தூக்கிக்கொண்டு திருநின்றவூர் வந்தாய். என் வீட்டுப் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி ஒரு வாஷர் போட்டாய். புதுசு வாங்கற வரிக்கும் தாங்கும் என்றாய். நாலு வருஷமாகத் தாங்குகிறது. இன்று காலை நான் குளித்துவிட்டு வந்த தண்ணீர் அந்த வாஷர் வழியாக வந்தது என்று சொன்னேன். நாற்காலி மேல் நின்றுகொண்டு, கையில் காய்கறிக் கத்தியோடு, தெருவே பார்க்க அழுதேன். இப்போது உனக்குத் திருப்திதானே?

ஜெசிந்தா அழவில்லை. நல்லாத்தான் பேசறீங்க, அவரு இவ்ளோ நல்லா பேச மாட்டாரு என்றது. அது உண்மைதான் மச்சான். அவ்வளவு நல்ல கட்சியைக் கையில் வைத்துக்கொண்டு பதினோரு வருஷம் குட்டிச்சுவராக்கியவன் நீ. தண்ணி வருமா, தண்ணி வருமா என்று கேட்டாயே தவிர, வந்த தண்ணீரைக் காட்டினாயா? அந்த மோட்டாரைச் சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே கையைத் தூக்கியிருப்பேன்.

ஃபிளெக்ஸ் என் வீட்டில் இருக்கிறது. சக்கரத்தின் மேல் நீல பெயின்ட்டால் மூன்று கோடு நானே போட்டேன். கோணல்மாணலாக வந்திருக்கிறது. உன் செல்மாருக்கு அது போதும். வெங்கடேஷ் என்னைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டான், அது ஒரு நல்ல செய்தி. செல்மாரின் புதுப் பகுதி வந்துவிட்டதாம். ஜெசிந்தா இன்னும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. நீ இருந்திருந்தால் முதல் எபிசோடிலேயே எத்தனை ஸ்பேனர் என்று எண்ணிக்கொண்டு வந்திருப்பாய்.

தலைகால் புரியாமல் ஆடாதே. ஓர்வான்தான் பெரிசு. அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை, வண்டி நகர்ந்த அடுத்த நொடியில் அதைத்தான் சொல்வேன். ஆனால் சட்டம் சட்டம்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்ற வண்டி எனக்கு இன்னும் நகரவில்லை. நகரும் வரைக்கும் செல்மாருக்காகத்தான் பேசுவேன், யார் கேட்டாலும், யாரும் கேட்காவிட்டாலும். இது சத்தியம்.

இப்படிக்கு,
வேப்பம்பட்டுக் கிளையின் தற்காலிகப் பொறுப்பாளரும்
உன் மச்சானுமான,
ஓர்வான்காரன் சரவணன்