மணி ஓயும்வரை நின்ற விளம்பரம்

2007, பங்குனி, வெள்ளி.

வலியசாலையில் லலிதா தன் வீட்டு மாடியில் நடத்தும் இணைய வானொலியைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதப் போயிருந்தேன். போன வாரம் கோயில் தீபாராதனை நேரலையில், நடை திறந்த நொடியில் நகைக்கடை விளம்பரம் குறுக்கே விழுந்துவிட்டதாம். இன்னொரு தடவை நடந்தால் கோயிலில் வைத்திருக்கும் மைக்கை எடுத்துவிடுவேன் என்று எச்சரித்த கோயில் செயலாளரும் இன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

விளம்பரம் கடிகாரப்படி வரும். நடையோ பூசாரியின் கை ஒழிந்தால்தான் திறக்கும். அதனால், நடை திறக்கையில் அடிக்கும் மணி மைக்கில் கேட்டால், அது ஓயும்வரை விளம்பரங்களைத் தானே தள்ளிப்போடும் கணினி நிரல் ஒன்றை லலிதா எழுதியிருக்கிறாள்.

விளம்பர நேரம் நெருங்கும்போது மணி அடிக்கத் தொடங்கியது.

"விளம்பரத்தை நிறுத்தும்மா!" என்றார் செயலாளர்.

லலிதா கைகளைக் கட்டிக்கொண்டாள். "நான் தொட மாட்டேன் மாமா. அதுவே செய்யணும், கேட்டோ."

திரையில் ஓடிய விளம்பரப் பட்டியலில் நகைக்கடையின் வரி தானாகக் கீழே இறங்கியது. பின்னால் இருந்த விளம்பரங்களும் அதற்கு இடம் விட்டு நகர்ந்தன. மணி நீண்டது, வரி இன்னும் இறங்கியது. கடைசி மணி அடங்கி, ஒரு மூச்சு விடும் நேரம் கழித்தே விளம்பரம் ஒலித்தது.

செயலாளர் திரையைச் சுட்டிக்காட்டினார். "நம்ம ஜனங்களே இவ்வளவு பொறுமையா நிக்க மாட்டா. பாயசத்துக்கு முண்டியடிப்பா," என்றார். எழுந்து செருப்பை மாட்டும்போது, "மைக் அங்கேயே இருக்கட்டும்," என்றார்.

செய்தியை இன்னும் எழுதவில்லை. விளம்பரத்தை நிறுத்தியது யார் என்று ஆசிரியர் கேட்பார். யாரும் தொடவில்லை, நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றுதான் சொல்ல முடியும்.