முன் இருக்கையில் தண்ணீர் கேன்

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
ஐப்பசி முதல் ஞாயிறு

அன்பு மகள் மதிவதனிக்கு அம்மா எழுதிக்கொள்வது. அண்ணாமலையார் தயவில் இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, உங்கப்பாவின் தோள்பட்டை வலியைத் தவிர. அதுவும் இப்போது கை தலைக்கு மேல் போகிறது, சட்டையை அவரே மாட்டிக்கொள்கிறார். அந்தக் கனடா குளிரில் நீ எப்படி இருக்கிறாய், காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் எனக்கு எப்போதும் யோசனை. போன வாரம் வீடியோவில் கன்னம் ஒட்டிப்போய்த் தெரிந்தது. கேமரா அப்படிக் காட்டுகிறது என்றாய், கேமரா எங்கேயாவது கன்னத்தைத் தின்னுமா. இவ்வளவு பேசுகிற அம்மா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை எடுத்தாலே உங்கப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதைக் கொடுத்துவிடுகிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி என்ன பேசுவது. போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமையும் இல்லை. அதனால் இதை எழுதிப் படம் பிடித்து உனக்கு மட்டும் அனுப்புகிறேன். குடும்ப குரூப்பில் போட்டுவிடாதே, உன் சித்தப்பா கண்ணில் பட்டால் ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி.

விஷயம் பெட்டியைப் பற்றித்தான். காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு போக உங்கப்பா படுக்கையும் அடுப்பும் வைத்துச் செய்தாரே அந்த டிரெய்லர், நம் வீட்டில் யார் அதை டிரெய்லர் என்று சொன்னது, பெட்டி பெட்டி என்றே பழகிவிட்டது. அதை வாங்கிக்கொள்ள ஆள் வந்தாயிற்று. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் காபிக் கடை வைத்திருக்கிற அருணாதேவி என்கிற பெண், நல்ல பெண்தான், மரியாதை தெரிந்தவள். வந்து டேப் வைத்து அளந்து பார்த்துவிட்டு, இந்தப் பக்கம் அறுத்து ஒரு ஜன்னல் வச்சுட்டா காபிக் கடைக்கு அம்சமா இருக்கும்ங்கன்னு சொன்னாள். டேப்பின் இன்னொரு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றது யார் தெரியுமா, உங்கப்பா. தீபக் கூட்டம் முடிந்ததும் எடுத்துக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு உங்கப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெயில் ஜாஸ்தி, பசி இல்லை என்றார். எத்தனை வருஷமாக அவரோடு குடும்பம் நடத்துகிறேன், எனக்குத் தெரியாதா எது வெயில் என்று.

நீ அழுதது தப்பு என்று நான் சொல்லவில்லை, கண்ணு. ஆவணியில் அவர் தனியாக மரக்காணம் உப்பங்கழிக்குத் துடுப்புப் படகு விடப் போனதும், அந்தப் படகைப் பெட்டிக் கூரைமேல் ஏற்றும்போது கால் வழுக்கித் தோள் பிசகியதும், போனைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு நாள் முழுக்க எடுக்காமல் இருந்ததும் அவர் செய்த கூத்து. அங்கே நீயும் இங்கே நானும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவர் குரலைக் கேட்ட பிறகுதான் நீ உடைந்து அழுதாய். பெட்டியும் வேணாம் படகும் வேணாம், வித்துடுங்கப்பா, எனக்காக வித்துடுங்கன்னு சொன்னாய். அவரும் சரிம்மா, வித்துடறேன்னு சொல்லிவிட்டார். அதோடு முடிந்தது அவருக்கு. பத்து தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், கொஞ்ச நாள் போகட்டுமே என்று. புள்ள கிட்ட சரின்னுட்டேன் எழில், மாத்திப் பேசினா நல்லா இருக்காதுன்னு அதையே திருப்பிச் சொல்கிறார். ஆனால் சாயங்காலம் ஆனால் கொட்டகைக்குப் போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடிவிட்டு வருகிறார். சக்கரத்துக்குக் காற்று அடிக்கிறார். விற்கிற வண்டிக்கு எதற்குக் காற்று என்று கேட்டால், அடுத்த சக்கரத்துக்குப் போய்விடுகிறார்.

இதை எழுதும்போது பழசெல்லாம் ஒவ்வொன்றாக வருகிறது. நாம் முன்பு இருந்த செங்கம் ரோட்டு வீட்டு மாடியில் குடியிருந்த வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது, இரண்டு பேர் உட்காருகிற அந்த ஆரஞ்சுப் படகை உன் பெயருக்கு விட்டுவிட்டுப் போனார், நீ அப்போது ஆறாவது. இந்தக் காய்ந்த ஊரில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது, தண்ணீர் பிடித்து வைக்கலாமா என்று நான் கேட்டேன். அந்த வருஷம் பார்த்து வேங்கிக்கால் ஏரி நிறைந்தது, நீயும் அவரும் இறங்கினீர்கள், வந்தது பைத்தியம். கலெக்டர் ஆபீசில் ஃபைல் தள்ளிக்கொண்டிருந்த மனுஷன் லீவு நாளெல்லாம் எங்கே தண்ணீர் இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார். மரக்காணம் கழி ஓரத்தில் தங்க இடம் இல்லை, மூன்று பேரும் காருக்குள் மடங்கிப் படுத்து எழுந்த அன்றைக்குத்தான் பெட்டி செய்யும் யோசனை அவருக்கு வந்தது. போளூர் ரோடு வெல்டிங் பட்டறையில் சொன்னால் அவர்கள் டிராக்டர் டிரெய்லர் செய்தே பழகியவர்கள், கரும்பு ஏத்தறதுக்காங்க சார்னு கேட்டார்கள். இல்லப்பா, படுத்துத் தூங்கறதுக்குன்னு உங்கப்பா சொன்னதை விளையாட்டு என்று நினைத்து, ஒரு லோடு கரும்பு தாங்குகிற மாதிரியே அடித்துக் கொடுத்துவிட்டார்கள். நம் காருக்கோ அதைப் பார்த்ததும் மூச்சு வாங்கியது, வீட்டு மேட்டில் ஏறவே மாட்டேன் என்றது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய், அவர் முகத்தைப் பார்த்து நான் சிரிப்பை அடக்கினேன். அப்புறம் மெல்லிய குழாய் வாங்கித் திரும்ப முதலில் இருந்து. சுவருக்கு பிளைவுட், மேலே அலுமினியத் தகடு, கதவுக்கு நம் பழைய பீரோவின் பூட்டு, பின்னால் மேலே தூக்குகிற கதவு, அதைத் திறந்தால் என் அடுப்பு. அடுப்பு மேடை என் இடுப்புக்குச் சரியாக இருக்க வேண்டும் என்று என்னை நிற்க வைத்து அளந்தார். ரிவர்ஸ் எடுப்பது மட்டும் அவருக்குக் கடைசி வரைக்கும் வரவில்லை. காரை ஒரு பக்கம் திருப்பினால் பெட்டி மறுபக்கம் போகும், ஞாயிற்றுக்கிழமைகளில் கலெக்டர் ஆபீஸ் பக்கத்து மைதானத்தில் பழகுவார், நீ பின்னால் நின்று லெஃப்ட்ல ஒடிங்கப்பா, லெஃப்ட்லன்னு கத்துவாய், வாக்கிங் வந்தவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். எனக்கு மானம் போனது, ஆனாலும் சுண்டல் கட்டிக்கொண்டு நானும்தான் வந்தேன்.

அந்தப் பௌர்ணமி உனக்கு ஞாபகம் இருக்கிறதா. இந்த ஊரில் பிறந்தவர் யாராவது பௌர்ணமியை மறப்பாரா, அதுவும் சித்திரா பௌர்ணமியை. உங்கப்பா மறந்தார். நானும்தான் மறந்தேன், அதை விடு. மரக்காணத்தில் இருந்து படகைக் கூரையில் கட்டிக்கொண்டு ஆடி அசைந்து வருகிறோம், செஞ்சி ரோட்டில் போலீஸ் கையைக் காட்டுகிறது. வண்டி உள்ள போவாது சார், நாளைக்குத்தான்னு சொல்லிவிட்டார்கள். கிரிவலத்துக்கு வந்த பஸ்ஸெல்லாம் நிற்கிற மைதானத்தில் நாமும் ஓரமாக நின்றோம். இன்னும் வெயில் தாழவில்லை, உனக்குப் பசி, நான் பின் கதவைத் தூக்கிவிட்டு உப்புமாவுக்குத் தாளித்தேன். வாசனை போனதுதான் தாமதம், திரும்பிப் பார்த்தால் வரிசை நிற்கிறது. அன்னதான வண்டி என்று நினைத்துவிட்டார்கள். முதலில் நின்ற அம்மா கையை நீட்டிவிட்டாள், நடக்கப்போகிறவள், அவளிடம் இது எங்க வீட்டு உப்புமாங்கன்னு எப்படிச் சொல்வது. நீ ஓடிப்போய்க் காகிதத் தட்டு வாங்கி வந்தாய். ரவை தீர்ந்து, அரிசி தீர்ந்து, கடைசியில் அவல் வரைக்கும் போயிற்று. நீங்க எந்த அறக்கட்டளைங்கன்னு ஒருத்தர் கேட்டார். உங்கப்பா கரண்டியும் கையுமாக, மதிவதனி அறக்கட்டளைங்கன்னு கூசாமல் சொன்னார். அடுத்த மாசம் காய்கறிக் கடையில் ஒரு அம்மா என்னைப் பிடித்துக்கொண்டு இந்தப் பௌர்ணமிக்கும் உண்டான்னு கேட்டாளே. அன்றைக்கு நாம் மூன்று பேரும் சாப்பிடவே இல்லை, ஆனால் அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தக் கல்யாண வீட்டிலும் இருந்ததில்லை.

சரி, இப்போது நடந்ததற்கு வருகிறேன், இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். விற்பது என்று ஆன பிறகு, ஒரு தடவை என்னையும் கூட்டிட்டுப் போங்க, அப்புறம் என்னமோ பண்ணிக்குங்கன்னு நானே கேட்டேன். புரட்டாசி கடைசியில், மழை பிடிப்பதற்கு முன்னால் போனோம். உனக்குத்தான் தெரியுமே, நான் ஒரு நாளும் அந்தப் படகில் கால் வைத்தது கிடையாது. கரையில் அடுப்பும் குடையுமாக இருந்துவிடுவேன், தண்ணீரைக் கண்டால் எனக்குப் பயம். கழிக்கரையில் இறால் விற்கிற காசியம்மாள் உன்னைத்தான் முதலில் கேட்டாள். பொண்ணு வரலையான்னு கேட்டுவிட்டு, உங்கப்பா அந்தப் பக்கம் போனதும் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். சார் தனியா வந்தா, தண்ணி கேனுக்கு அந்த மஞ்சள் சட்டையப் போட்டு முன்னாடி கட்டிக்குவாரும்மா, அதுகிட்ட பேசிக்கினே போவாரு, வலது பக்கம் போடும்மா, மெதுவா போடும்மான்னு. மஞ்சள் சட்டை என்று அவள் சொன்னது உன் லைஃப் ஜாக்கெட்டை. நீ போன பிறகு எத்தனை தடவை அவர் தனியாகப் போயிருப்பார், ஒவ்வொரு தடவையும் சோறு கட்டிக் கொடுத்தேன், இது எனக்குத் தெரியாமல் போயிற்றே. கோபமும் வந்தது. நேராகப் போய்க் கேட்டேன். முன்னாடி ஆள் இல்லன்னா படகு மூக்கத் தூக்கிக்கும் எழில், எடைக்குத்தான் வச்சேன்னு சொன்னார். எடைக்குக் கேன் சரிங்க, கேனுக்கு எதுக்கு ஜாக்கெட்டுன்னு கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு துடுப்பைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

கேனை அவிழ்த்துக் கரையில் வைத்துவிட்டு நான் ஏறி உட்கார்ந்தேன். காசியம்மாளும் நானும்தான் படகை இறக்கினோம், அவரைத் தூக்க விடவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இடுப்பளவு தண்ணீர்தான், கரை ஓரமாகவே போனோம். அவர் பின்னால் இருந்து நல்ல கையால் திசை மட்டும் பார்த்துக்கொண்டார், துடுப்புப் போட்டது நான். கொஞ்ச நேரம் போனதும் கண்ணைத் திறந்தேன். தண்ணீர் அசையாமல் இருந்தது, சின்னச் சின்ன மீன் துள்ளியது, என்னைக் கண்டு ஒரு நாரை கூட எழுந்து போகவில்லை. இவ்வளவு நாள் நீங்கள் இரண்டு பேரும் எதைப் பார்க்கப் போனீர்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு திருப்பத்தில் அவர் பழக்கத்தில், மதி, வலது பக்கம் போடும்மான்னு சொன்னார். சொன்னதும் அவர் துடுப்பு நின்றுவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, வலது பக்கம் போட்டேன்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நீ பயந்தது அவர் தனியாகப் போகிறார் என்றுதானே, இனிமேல் தனியாக அனுப்ப மாட்டேன், நான் கூடப் போவேன். படகைத் தூக்கக் காசியம்மாள் ஆள் வைத்துத் தருகிறேன் என்றாள், போனை என் கழுத்தில் மாட்டிக்கொள்கிறேன், கரையை விட்டுத் தள்ளிப் போக மாட்டோம். அவர் உன்னிடம் கொடுத்த வாக்கை நான் சொல்லி மாற்ற முடியாது, நீதான் திருப்பிக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை வீடியோவில் பேசும்போது, பெட்டியையும் படகையும் விற்க வேண்டாம் என்று சொல்லிவிடு. அம்மா எழுதினாள் என்று சொல்லாதே, உனக்கே தோன்றியதாக இருக்கட்டும். அருணாதேவியிடம் நான் பேசிக்கொள்கிறேன், அந்தப் பெண்ணுக்குக் காபிக் கடைக்கு வேறு வண்டி கிடைக்கும். அவரைப் பார்த்தபடியே சொல்லு, முகம் எப்படி மாறுகிறது என்று நீயே பார்ப்பாய்.

காலையில் வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. பருப்புப் பொடி தீர்ந்திருக்கும், வருகிற ஆள் யாராவது இருந்தால் சொல்லு, கொடுத்தனுப்புகிறேன். தீபத்தன்று இங்கே மொட்டை மாடியில் இருந்து மலையைக் காட்டுகிறேன், போனைக் கையில் வைத்திரு. நீ நினைத்ததெல்லாம் நடந்து, உடம்பில் ஒரு குறையும் இல்லாமல், நல்லபடியாக இருக்க வேண்டும், அண்ணாமலையாரும் உண்ணாமுலையம்மனும் உன் கூடவே இருப்பார்கள். ஒன்று மறந்துவிடாதே, உன் மஞ்சள் ஜாக்கெட் எனக்கு ஜிப் ஏறவில்லை, கயிறு போட்டுத்தான் கட்டிக்கொண்டேன், வரும்போது என் உடம்புக்குத் தகுந்த மாதிரி ஒன்று வாங்கி வா. உன்னுடையதைத் துவைத்து மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன், அதை இனிமேல் எந்தக் கேனுக்கும் போட விட மாட்டேன். நீ வருகிற வரைக்கும் அந்த முன் இருக்கையில் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா எழிலரசி