யாரையும் தொடாத குண்டுகள்

மாமு, இன்று காலை மணலியிலிருந்து வந்த மூட்டையைக் கடை வாசலில் கொட்டினேன். உடைந்த குழாய், பித்தளைத் திருகாணி, மோட்டார்க் கம்பி எல்லாவற்றுக்கும் நடுவில் நாலைந்து தோட்டாத் தலைகள் உருண்டு வந்தன. செம்பு நிறம், உருண்டை மூக்கு, கைத்துப்பாக்கித் தோட்டாவின் தலைகள். அவற்றைப் பார்த்து எத்தனையோ வருஷமாயிற்று. கையில் எடுத்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டேன். எடை போடச் சொல்லி ஓர் ஆள் கத்திக்கொண்டிருந்தான். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் துறைமுகத்தில் இறங்கும் வெளிநாட்டுப் பழைய உலோகத்தோடு இவை கோணி கோணியாக வரும். எந்த நாட்டுப் பட்டாளத்திலோ மிஞ்சிப்போன தோட்டாக்களைப் பிரித்து, மருந்தைக் கொட்டிவிட்டு, தலையை மட்டும் பிடுங்கி விற்ற சரக்கு. டோல்கேட் பக்கத்து என் காயலான் கடையில் அதை உருக்குவேன். உள்ளே இருக்கும் ஈயம் வழிந்துவிடும், மேல்கூடு செம்பு தனியாக நிற்கும். மீன்வலை தண்ணீரில் மூழ்க நீ அதில் கட்டும் குண்டுக்காகக் காசிமேட்டிலிருந்து ஈயம் வாங்க வருவாய். ஒரு நாள் கோணிக்குள் கையை விட்டவன், தேள் கொட்டினதுபோல் உதறினாய்.

“இன்னா பாய் இது? மனுசன் மேல பட்டதெல்லாம் வாங்கி வச்சிகினு கீற?”

“ஐயே, இது சுடவே இல்ல மாமு. நல்லா பாரு, மூக்கு நசுங்கல, துப்பாக்கிக் குழல்ல போன கோடு விழல. அப்டியே பிடுங்குனது.”

“அப்போ யாரையும் தொடல?”

“தொடல.”

“இனிமேயும் தொடாது?”

“உருக்கிட்டா எப்டி மாமு தொடும்?”

மறுபடி கையை விட்டு ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பிறகு கோணி மொத்தத்தையும் கேட்டாய். அந்த வருஷம்தான் உன் ஒரே மகன் பட்டாளத்தில் சேர்ந்திருந்தான். கடல் வேலையே வேண்டாம் என்று போனவனை வடக்கே, பனி கொட்டும் எல்லையில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். உருக்குகிற ஒவ்வொரு தலையும் அவன் மேல் படாமல் போன ஒன்று. இதுதான் உன் கணக்கு.

நான் கிண்டல் செய்வேன். “இது கைத்துப்பாக்கி குண்டு மாமு. அங்க பெரிய துப்பாக்கில இல்ல சுடுவான்!”

“குண்டு குண்டுதான் பாய். நீ எடை போடு.”

தேவைக்கு மேல் ஈயம் கட்டினாய். வலை கனத்துப்போய், உன்னோடு கடலுக்கு வரும் உன் மச்சான் கடைக்கே வந்து என்னிடம் சண்டை போட்டான். “பாய், இந்தாளுக்கு ஈயம் குடுக்காத. மீன் புடிக்கிறாரா, நங்கூரம் போடுறாரான்னே தெரில!” நீ பக்கத்தில் நின்று சிரித்தாய். மகன் விடுப்பில் வரும்போதெல்லாம் அவனை என் கடைக்கு இழுத்துவந்து, சட்டைக் கையை மடித்துக் காட்டி, “பாரு பாய், ஒரு கீறல் இல்ல” என்பாய். அவனுக்கு வெட்கமாக இருக்கும். நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் அவனைக் காப்பாற்றி வருகிறோம் என்று எனக்கே ஒரு நினைப்பு வந்துவிட்டது.

அவன் பெட்டியில் வந்தான்.

காசிமேட்டுச் சுடுகாட்டில் சிப்பாய்கள் மரியாதைக்காக வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். முதல் வெடிக்கே நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

“பாய், அதுல தலை கீதா?”

“இல்ல மாமு. வெறும் மருந்து. சத்தம் மட்டுந்தான்.”

“எல்லாத்தையும் இப்டியே செஞ்சிருக்கலாம்ல?”

யா அல்லா! உன் தோளைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

ஒரு மாசம் கழித்துத் தாடியோடு வந்து நின்றாய். மூட்டை வந்ததா என்று கேட்டாய். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! உன்மேல் வந்த கோபம் இல்லை அது. “பைத்தியமா மாமு உனக்கு? இன்னும் எதுக்கு? யாருக்கு?” என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

நீ குரலை உயர்த்தவே இல்லை. “அவன்கூட இருந்த பசங்கோ இன்னும் அங்கதானே பாய் கீறானுங்கோ.”

நான் தராசை எடுத்தேன்.

அதன் பிறகும் வருஷக்கணக்கில் வாங்கினாய். ஒரு நாள் வலை இழுத்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படகிலேயே உட்கார்ந்தாயாம். கரைக்கு வந்தபோது உயிர் இல்லை. வலைக் கனம்தான் உன்னைக் கொன்றது என்று உன் மச்சான் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நீ போனது எனக்கு இன்னும் ஆறவில்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

விடியற்காலையில் ஃபஜர் தொழுதுவிட்டுக் கையேந்தும்போது என் பிள்ளைகளுக்காகக் கேட்பேன். அதற்குப் பிறகு, பெயர்கூடத் தெரியாத உன் மகனின் கூட்டாளிகளுக்காகவும் கேட்பேன். ஒரு குண்டும் அவர்களைத் தொடக்கூடாது என்று. வீட்டுக்காரி ஒரு தடவை சிரித்துவிட்டாள். “அவுங்கெல்லாம் இந்நேரம் ரிட்டயர் ஆயி, பென்ஷன் வாங்கிகினு, பொண்ணுக்கு மாப்ள பாத்துகினு இருப்பாங்க. இன்னும் இன்னாத்துக்கு துஆ?”

அவள் சொல்வது சரிதான், மாமு. அந்தப் பசங்களுக்குத் தலை நரைத்திருக்கும், தொப்பைகூடப் போட்டிருக்கும். ஆனால் அவர்கள் எல்லாரும் வீடு வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று என்னிடம் இதுவரை யாரும் வந்து சொல்லவில்லையே.