ரசீது உரிமம் ஆகாது

அக்டோபர் 13, திங்கள்

இம்மருத்துவமனையுடனான பதின்மூன்று வார ஒப்பந்தத்தின் ஆறாவது வாரம் இன்று தொடங்கியது. இம்மாநிலத்தில் நான் சிகிச்சையளிப்பதற்கான உரிமம் முப்பத்தொன்றாம் தேதியோடு முடிகிறது. மதிய இடைவேளையில் புதுப்பிப்பு விண்ணப்பத்தை இணையத்தில் சமர்ப்பித்து, ரசீதை அச்செடுத்துக் கோப்பில் சேர்த்தேன். ஐந்து மாநில உரிமங்கள், ஐந்து கோப்புகள்.

ஆர்வல் ட்வெட்டுக்கு இடக்கையால் சட்டைப் பொத்தான் போடும் பயிற்சி. எழுபத்து நான்கு வயது, கோதுமை விவசாயி. பக்கவாதத்தில் வலப்பக்கம் பழுதுபட்டவர். ஆறு பொத்தான்களுக்கு இருபது நிமிடம் ஆனது. நடுவில் கேட்டார்: "ஓஹையோவுல வக்கீலா இருந்துட்டு, இங்க வந்து கிழவனுக்குச் சட்டை மாட்டி விடுறியே. அங்க என்னப்பா தப்பு பண்ணுன?"

தவறு ஏதும் செய்யவில்லை, அலுத்துவிட்டது என்றேன்.

"எல்லாத் திருடனும் அப்படித்தான் சொல்றான்."

அக்டோபர் 22, புதன்

ஆர்வலின் காப்பீட்டு நிறுவனம் நவம்பர் 14 வரைதான் இங்கே தங்க அனுமதித்துள்ளது. அதற்குள் என்னைப் போன்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளை மீண்டும் செய்யப் பழக்குபவர்) ஒருவர் அவருடைய வீட்டை நேரில் பார்த்து, அவர் அங்கே பாதுகாப்பாக வாழ இயலும் என்று கையெழுத்திட வேண்டும். இம்மருத்துவமனையின் விதி அது. கையெழுத்து இல்லையேல் நிரந்தரப் பராமரிப்பு இல்லம். இடம் இருப்பது இரண்டு மணி நேரத் தொலைவில். அவர் மனைவி பெர்னடீன், கண் மங்கியதால், கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டார்.

"அங்க கொண்டு போயிட்டாங்கன்னா, யாராவது ஏத்திட்டுப் போனாத்தான் நான் இவரைப் பார்க்க முடியும்" என்றார் அவர்.

"அம்பத்திரண்டு வருசமா பார்த்துச் சலிச்சுப் போச்சுன்னு சொன்னியே."

"சலிச்சது சலிச்சதுதான். அதுக்காகப் பார்க்காம இருக்க முடியுமா?"

அக்டோபர் 31, வெள்ளி

ஹாலோவீன் பண்டிகைக்காக முகமூடி அணிந்த பள்ளிக் குழந்தைகள் வார்டுக்கு வந்தனர். ஆர்வல் இடக்கையால் மிட்டாய் வழங்கினார். பதினேழு குழந்தைகள். ஒன்றும் கீழே விழவில்லை.

நவம்பர் 5, புதன்

ஆர்வலை அவருடைய வீட்டுக்கு அழைத்துச் சென்றோம். வாசற்படி, கட்டில் உயரம், கழிப்பறைக் கதவின் அகலம் (இருபத்தெட்டேகால் அங்குலம்), கைப்பிடிகள் வரவேண்டிய இடங்கள், எல்லாவற்றையும் அளந்தேன். கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கும் நான்கு முறை மாறிக் காட்டினார். ஒருமுறை தடுமாறினார், தானே சமாளித்தார். பெர்னடீன் உருளைக்கிழங்கு ரொட்டியில் வெண்ணெயும் சர்க்கரையும் தடவிக் கொடுத்தார். மாலையில் அறிக்கை எழுதிக் கையெழுத்திட்டேன்: வீடு திரும்பலாம்.

நவம்பர் 6, வியாழன்

மாலை ஆறு மணிக்கு ஓஹையோவின் டோலிடோவிலிருந்து அக்கா டோரீன் அழைத்தாள். ஊர் ஊராகச் செல்லும் எனக்கு அவள் வீடுதான் நிரந்தர முகவரி.

"டேய் லைல், உரிம வாரியத்துல இருந்து உனக்கு ஒரு கவர் வந்து கெடக்குடா. பத்து நாளாச்சு. ஏதோ விளம்பரம்னு நெனச்சு டிராயர்ல போட்டுட்டேன்."

பிரித்துப் படிக்கச் சொன்னேன். தணிக்கைக்கு என் பெயர் தேர்வாகியுள்ளது. தொடர்கல்விச் சான்றுகள் வந்துசேரும்வரை புதுப்பிப்பு நிறுத்திவைக்கப்படும். உடனே வாரியத்தின் இணையப் பக்கத்தில் என் பெயரைத் தேடினேன். நிலை: காலாவதி.

எப்படி விட்டேன்? எப்படிடா விட்ட — ஒரு தடவை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க உனக்கு நேரமில்லையா?

நிதானமாக எழுதுகிறேன். இதற்கு முன் பணியாற்றிய மாநிலத்தில், காலக்கெடுவுக்குள் விண்ணப்பித்த ரசீது இருந்தால் முடிவு வரும்வரை பணியைத் தொடரலாம். இங்கே அப்படி இல்லை. ஒரு மாநிலத்தின் விதியை மற்றொரு மாநிலத்துக்குச் சுமந்து வந்திருக்கிறேன். ஓரிடத்திலேயே இருப்பவனுக்கு இந்தத் தவறு வாய்க்காது.

மூன்று, நான்கு, ஐந்து, ஆறு: நான்கு நாட்கள் உரிமமின்றிச் சிகிச்சையளித்துள்ளேன். ஐந்தாம் தேதி ஆர்வலின் வீடு.

நவம்பர் 7, வெள்ளி

சான்றுகளைக் காலை ஏழு மணிக்கே அனுப்பினேன். பின்னர் பிரிவுத் தலைவி ஜெனெலின் அறைக்குச் சென்று நடந்ததைச் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"நாலே நாள், லைல். அடுத்த வாரம் சரியாயிடும். இதையெல்லாம் யாரு நோண்டிப் பார்க்கப் போறா?"

"நான் பார்த்துட்டேன்."

"அது தெரியுது. நீங்க சொன்னா அந்த நாலு நாள் குறிப்பும் செல்லாது. வீட்டு அறிக்கையும் போச்சு. பதினாலாம் தேதிக்குள்ள இன்னொரு ஆளுக்கு நான் எங்க போறது? நீங்க யோக்கியமா இருக்கறதுக்கு ஆர்வல் இல்லத்துக்குப் போகணுமா?"

பின்னாளில் தெரியவந்தால் காப்பீட்டு நிறுவனம் அனைத்தையும் நிராகரிக்கும் என்றேன். அது உண்மை. ஆனால் அவர் கேட்டதற்கு அது பதில் அல்ல. என்னைச் சொல்லவைத்தது நேர்மையா, பிடிபடும் அச்சமா? இரண்டும் ஒரே கையெழுத்தைத்தான் போடுகின்றன.

ஆர்வலிடம் நானே சொல்ல அனுமதி பெற்றேன். அவர் சட்டைக்குள் வலக்கையை நுழைக்கப் போராடிக்கொண்டிருந்தார். முழங்கையைச் சற்றுத் தாங்கினால் போதும், உரிமமின்றித் தாங்கக் கூடாது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு சொல்லி முடித்தேன்.

"லைசென்ஸ் இல்லாம நாப்பது வருசம் தானிய லாரி ஓட்டுனவன்யா நான்" என்றார். "இதுக்கெல்லாமா மூஞ்சியைத் தொங்கப் போடுவாங்க?"

பெர்னடீன் என்னைப் பார்க்கவில்லை. "உங்க காகிதம் சுத்தமா இருக்கணும்னு எங்க வீட்டை மூடச் சொல்றீங்க. அவ்வளவுதானே?"

நவம்பர் 10, திங்கள்

பணிக்குச் செல்லவில்லை. என்மீது நானே எழுதிய புகாரை வாரியத்துக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசியிலும் அழைத்தேன். எடுத்த பெண் காகிதங்களைப் புரட்டும் ஒலி கேட்டது. "தானா வந்து சொல்றவங்களுக்குன்னு ஏதாவது படிவம் இருக்கான்னு தெரியலயே. இருங்க, கேட்டுச் சொல்றேன்."

தொண்ணூறு மைல் தொலைவில் பள்ளிகளில் பணிபுரியும் தெரபிஸ்ட் பாலெட் நியூமன் வியாழனன்று ஆர்வலின் வீட்டைப் பார்க்க வர இசைந்திருப்பதாக ஜெனெல் செய்தி அனுப்பினார்.

நவம்பர் 12, புதன்

நாளை பனி பெய்யும் என்கிறது வானிலை அறிக்கை. தொண்ணூறு மைல்.

நவம்பர் 13, வியாழன்

பனி வடக்கே விலகிப்போனது. மாலை ஐந்தரைக்கு ஜெனெல் அழைத்தார்.

"பாலெட் கையெழுத்துப் போட்டுட்டாங்க. ஆனா உடனே போடல."

ஏன் என்று கேட்டேன்.

"கழிப்பறைக் கதவு உள்பக்கமாத் திறக்குது, லைல். அவர் உள்ள விழுந்தா உடம்பே கதவை அடைச்சுக்கும். பெர்னடீனால தள்ளித் திறக்க முடியுமா? பக்கத்துப் பண்ணைக்காரரை வரவெச்சு, கதவை வெளிப்பக்கமாத் திறக்கற மாதிரி மாட்டவெச்சுத்தான் அந்தம்மா பேனாவையே எடுத்தாங்க. உங்க அறிக்கையைப் பார்த்துட்டு, 'கால் அங்குலம் வரைக்கும் அளந்த மனுசன் கதவு எந்தப் பக்கம் திறக்குதுன்னு பார்க்கலயா'ன்னு கேட்டாங்க."

பார்த்தேன். அன்று அந்தக் கதவை நானே உள்ளே தள்ளித் திறந்து, அகலத்தை அளந்தேன்.

நவம்பர் 14, வெள்ளி

ஆர்வல் வீடு திரும்பினார்.

டிசம்பர் 2, செவ்வாய்

உரிமம் நடைமுறைக்கு வந்தது. அத்துடன் ஒரு கண்டன ஆணையும் வந்தது. என் பெயரைத் தேடும் எவரும் அதைப் படிக்கலாம். மருத்துவமனை ஒப்பந்தத்தை முன்னரே முடித்துக்கொண்டது. வருத்தம் உண்டு, ஆட்சேபம் இல்லை.

ஜனவரி 8, வியாழன்

வயோமிங் மாநில விண்ணப்பம். பதினொன்றாம் கேள்வி: எந்த மாநிலத்திலாவது உங்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டதுண்டா? இனி ஒவ்வொரு மாநிலமும் இதைக் கேட்கும். ஒவ்வொன்றிலும் ஒரே பதில்தான். 'ஆம்' என்று குறித்தேன்.

விளக்கத்தின் முதல் வரைவு இரண்டு பக்கம் வந்தது: அக்காவின் டிராயர், முந்தைய மாநிலத்தின் விதி எல்லாம். அனைத்தையும் நீக்கினேன். மூன்று வாக்கியங்கள் எஞ்சின: தேதிகள், தவறு, ஆணை.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், ஒரு சொல்லும் கூடுதலாகச் சொல்லாதீர்கள். சாட்சிக் கூண்டில் ஏறும் ஒவ்வொரு கட்சிக்காரருக்கும், வக்கீலாக இருந்த பதினோரு ஆண்டுகளும் நான் சொல்லிவந்த அறிவுரை இது. நான்காவது வாக்கியத்தை எழுதினேன், அழித்தேன், மறுபடியும் எழுதினேன்.

'அந்நாட்களில் நான் பாதுகாப்பானது என்று கையெழுத்திட்ட ஒரு வீட்டை, அக்கையெழுத்து செல்லாததால், வேறொருவர் மீண்டும் சென்று பார்த்தார்; நான் காணாத அபாயத்தை அவர் கண்டார்.'

அப்படியே அனுப்பினேன்.