பினாங்கா, போர்ட்டிக்சனா

டிசம்பர் 5, 1977. திங்கள்

காலையிலிருந்து தூறல். ஆபீஸ் கூரை மறுபடி ஒழுகல். ஆள் கணக்கு எழுதும் செக்ரோல் புத்தகம் தப்பித்தது.

எஸ்டேட் துரை லீவுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். 17 முதல் 21 வரை. ஒன்பது வருஷமாக ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி வேலையில் குடும்பத்தோடு முதல் பயணம். பள்ளி லீவு முடிகிற சமயம், கூட்டம் கரைந்திருக்கும். கோலாலம்பூர்க்காரர்கள் குளிருக்காக இந்த மலைக்கு ஏறி வந்து கியா பார்மில் ஸ்ட்ராபெரி வாங்குகிறார்கள். எங்களுக்கு வெயில் வேண்டும். கடல் என்பது முடிவு. எந்தக் கடல் என்பதுதான் பாக்கி.

போர்ட்டிக்சன்: அலை கம்மி. அக்கா வீடு சிரம்பானில், பக்கம்.
பினாங்கு: கூட்டம், இரைச்சல்.
குவாந்தான்: மழைக்காலம். வேண்டாம்.
பங்கோர் தீவு: படகு ஏற வேண்டும். சரோஜாவுக்கு வாந்தி வரும்.

சாப்பாட்டின்போது பேச்சை எடுத்தேன். சரோஜா வாயில் இருந்த சோற்றைக்கூட விழுங்கவில்லை. "பினாங்குக்குப் போலாங்க."

மலரும் உடனே, "ஆமாப்பா, பினாங்கு."

தாயும் மகளும் ஒரே குரலில் பேசுவது இந்த வீட்டில் அதிசயம். ஏற்கனவே பேசி வைத்திருக்கிறார்கள்.

டிசம்பர் 6. செவ்வாய்

விளங்கிவிட்டது. பினாங்குக்கு எதிர்க்கரை பட்டர்வொர்த். அங்கே இருப்பது யார்? சரோஜாவின் தம்பி குமரன். துறைமுகத்தில் வேலை, வயது முப்பது, கல்யாணம் ஆகவில்லை. மலருக்குத் தாய்மாமன். முறை. கடற்கரை மணலில் உட்காரவைத்துக் கச்சான் கடலை கொடுத்துவிட்டு, "தம்பிக்கே கொடுத்துடலாங்க" என்று ஆரம்பிப்பாள். முறை உள்ளவன் கேட்டால் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

மலருக்குப் பத்தொன்பதுதான். ஆசிரியர் பயிற்சிக்குப் பினாங்கு மக்தாப் கல்லூரிக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். இந்த வருஷம் கிடைக்காவிட்டால் அடுத்ததாகக் கல்யாணப் பேச்சுதான், அது அவளுக்கும் தெரியும். கிடைக்கட்டும். தோட்ட லயத்தில் பிறந்தவன் மகள் அரசாங்க டீச்சர் என்றால் எனக்கு மட்டும் கசக்குமா? அரசாங்கக் கவர் வருகிறதா என்று தினமும் தபால் பையை நானேதான் பிரித்துப் பார்க்கிறேன். எஸ்டேட்டுக்கு வருகிற கடிதம் எல்லாமே அந்த ஒரே பையில்தான்.

சாயந்தரம் சொல்லிவிட்டேன், போர்ட்டிக்சன் என்று. சரோஜா சிரித்தாள்.

"உங்க அக்கா மகனுக்கு ரயில்வேல வேலை நிரந்தரமாயிடுச்சாமே?"

"அதுக்கும் இதுக்கும் என்னடி?"

"ஒன்னுமில்லலா. சும்மாதான் கேட்டேன்."

என்ன சந்தேகப் புத்தி இவளுக்கு! அக்கா மகனைப் பற்றி இந்த வீட்டில் நான் வாய் திறந்ததே இல்லை. மனசில் நினைத்தது வேறு கணக்கு.

டிசம்பர் 8. வியாழன்

வெயில் கொஞ்சம். இரண்டு நாளாகச் சண்டை, சாம்பாரில் உப்பு இல்லை. கடைசியில் சரோஜாவே, "உங்க அக்காவும் வேணாம், என் தம்பியும் வேணாம். சொந்தக்காரங்க இல்லாத ஊரா பாருங்க."

பங்கோர். ரெஸ்ட் ஹவுஸில் இரண்டு அறை சொல்லியாச்சு. ரிங்லெட் டாக்ஸிக்கும் சொல்லியாச்சு, சனி 17 காலை ஆறு மணி.

மலர் முகம் வாடிவிட்டது. "பினாங்குன்னா மக்தாப்பை வெளியில நின்னாவது பாத்திருக்கலாம்பா. மாமா கூட்டிட்டுப் போறேன்னாரு."

மாமாவாம். நான் சந்தேகப்பட்டது சரி.

டிசம்பர் 12. திங்கள்

மூடுபனி. பதினோரு மணி வரை எதிர் மேடு தெரியவில்லை.

பையில் ஒரு கவர். "செல்வி மலர்விழி." குமரன் கையெழுத்து, பட்டர்வொர்த் முத்திரை. நல்ல தடிமன். அக்காவுக்கு எழுதுகிறவன் பெண்ணுக்கு ஏன் எழுதுகிறான்? அப்படி என்ன எழுதித் தொலைத்திருக்கிறான், இத்தனை தாளில்?

பிரிக்கவில்லை. அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கிற ஈனப் புத்தி எனக்குக் கிடையாது. மேசை இழுப்பறையில், உரம் வந்த பில்களுக்கு அடியில் வைத்தேன். பங்கோர் போய்வந்து கொடுத்தால் போதும். பத்து நாளில் குடி முழுகிவிடாது.

டிசம்பர் 13. செவ்வாய்

மலர் இன்று ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டாள். "அப்பா, எனக்கு லெட்டர் வந்துச்சா?"

"அரசாங்கக் கவர் எதுவும் வரலம்மா." பொய் இல்லை.

"வேற ஏதும்?"

கண்ணைப் பார்க்காமல் கேட்டாள். அந்தக் கேள்வி ஒன்றே போதும்.

வாங்க வேண்டியவை: வாந்தி மாத்திரை, செருப்பு எனக்கு, மலருக்குத் தொப்பி.

டிசம்பர் 14. புதன்

தானா ராத்தா டவுனுக்குப் போய்ப் போன் செய்ய வேண்டுமாம் மலருக்கு. யாருக்கு என்றேன். மாமாவுக்கு என்றாள், துணிச்சலாக. மழை, பாதை வழுக்கும், சளி பிடிக்கும் என்று ஆறு காரணம் சொல்லி உட்கார வைத்தேன். முறைத்தாள். முறைக்கட்டும்.

டிசம்பர் 16. வெள்ளி

பத்தரைக்கு ஆபீஸ் போன். குமரன்.

"மாமா, மலர் நேத்து இன்டர்வியூ நல்லா செஞ்சுச்சா?"

"எந்த இன்டர்வியூ?"

"மக்தாப் இன்டர்வியூலா மாமா, ஈப்போவுல. கூப்பிட்ட லெட்டர் என் அட்ரஸுக்குத்தான் வந்துச்சு. கையில கொண்டாந்து கொடுக்கலாம்னு பாத்தேன், கப்பல் நிக்குது, லீவு தரல. சனிக்கிழமையே போஸ்ட் பண்ணிட்டேனே. கிடைக்கலியா?"

கிடைத்தது என்றேன். எப்படி இருந்தது என்று மறுபடி கேட்டான். போனை வைத்துவிட்டேன்.

சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்க் கவரைக் கொடுத்தேன். மலர் முத்திரையைப் பார்த்தாள். பிரித்தாள். உள்ளே அரசாங்கக் கடிதம், குமரன் இரண்டு தாளில் எழுதிய கேள்வி பதில்கள், "பயப்படாமல் பேசு" என்று ஒரு வரி. வேறு ஒன்றுமே இல்லை.

"ஏம்மா உங்க மாமா அட்ரஸைக் கொடுத்தே?"

"பையில வந்தா உங்க கைக்குத்தானேப்பா வரும். என் சிநேகிதி எழுதின லெட்டரை ஆம்பளை எழுத்துன்னு நெனச்சு ரெண்டு மாசம் வெச்சிருந்தீங்களே."

மறந்தே போயிருந்தேன். அவள் மறக்கவில்லை.

சரோஜா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "என் தம்பி ரெண்டு வருஷமா இங்க பக்கத்துல திரிங்காப் ஊருப் பொண்ணு ஒன்னைத்தான் கட்டணும்னு நிக்கிறான். பினாங்கு போனதும் பக்குவமா உங்ககிட்டச் சொல்லி, அவனுக்காக உங்களைப் பொண்ணு கேக்க அனுப்பலாம்னு இருந்தேன். நாசமாப் போச்சு. எம்பிள்ளை வாயில மண்ணைப் போட்டுட்டீங்களே!"

பாவி. நானேதான். பழியைத் தள்ளிவிட வேறு ஆளும் இல்லை.

டிசம்பர் 17. சனி

மழை இல்லை. ஆறுக்குச் சரியாக டாக்ஸி.

சரோஜா ஏறி உட்கார்ந்து, "லூமுட் படகுத்துறைக்குப் போகலங்க. ஈப்போவுக்கு விடுங்க, கல்வி ஆபீஸ். சனிக்கிழமை, பகலோட மூடிடுவாங்க." வாசலில் உட்கார்ந்தாவது இன்னொரு தேதி வாங்காமல் வரமாட்டாளாம். மலர் மடியில் சான்றிதழ் பை.

நானும் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றேன். தப்பு என்னுடையது, பெண்ணுடையது இல்லை என்று அந்த அதிகாரியிடம் நானே சொல்கிறேன் என்றேன். காலில் விழச் சொன்னாலும் விழுந்திருப்பேன்.

மலர் டாக்ஸிக் கண்ணாடியை இறக்கினாள். சத்தம் போடவில்லை.

"நீங்க ஆபீஸுக்குப் போங்கப்பா. பத்து மணிக்குத் தபால் பை வரும். யார் யாருக்கு வந்திருக்கோ, அவங்கவங்க கையில கொடுத்துடுங்க."