கழுத்து தெரிந்த பாட்டில்

வீட்டு மகாராணிக்கு,

இங்கே நான் நலம். இருமல்கூட விட்டுவிட்டது. நீயும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவுக்குக் கண் உறுத்தல் குறைந்ததா?

அன்று அம்மாவைக் கண் ஆபரேஷனுக்கு உள்ளே கூட்டிப்போகும் முன் நீ போன் செய்தாய். டூட்டியில் இருந்தேன் என்று பிறகு சொன்னேன். பொய். எனக்கு அன்று லீவு. நான் வேலை செய்யும் குடோனுக்குப் பின்னால் பழைய குப்பைமேடு ஒன்று இருக்கிறது. என்னோடு ரூமில் இருக்கும் கிரேன் டிரைவரும் நானும் லீவு நாளில் அங்கே பழங்காலத்துக் கண்ணாடி பாட்டில் தோண்டுவோம். சிரிக்காதே, சீட்டாட்டத்துக்கு இது தேவலை.

போனைச் சட்டையில் சுற்றிக் குழிக்கு மேலே வைத்திருந்தேன். "அண்ணே, வீட்லேருந்து போன் அடிக்குது" என்றான் டிரைவர். "இருடா, கழுத்து தெரியுது" என்றேன். அந்த நேரத்தில் கையை எடுத்தால் மண் சரிந்து பாட்டில் உடைந்துவிடும். பதமாகத்தான் எடுத்தேன். நல்ல நீல பாட்டில், அடிப்பாகமே இல்லை. கையில் சின்னக் கீறல், ஆறிவிட்டது.

"பாவம், வேலையா இருப்பான், தொந்தரவு பண்ணாதே" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனதாகச் சொன்னாய். அதிலிருந்து சோறு இறங்கவில்லை.

யாராவது இங்கே வந்தால் உன் பழைய சேலை ஒன்று கொடுத்துவிடு. பாட்டில் சுற்றிவைக்க என்று எழுத வந்தேன், போர்த்திக்கொள்ளத்தான்.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியதும் அம்மாவிடம் என் போட்டோவைக் காட்டாதே. கொஞ்ச நாள் போகட்டும். அவ்வளவு தெளிவாக அம்மா என்னைப் பார்க்க வேண்டாம்.

வேலைக்கு வண்டி வந்து ஹாரன் அடிக்கிறது.

உன் குப்பைமேட்டு ராஜா